நின்றுவிடும் பொறி

இல்லத்தில் இரவும் பகலும் ஓயாது இயங்குமாறு அமைக்கப்படும் கணினி ஒன்று உண்டு. குடும்பத்தாரின் நிழற்படங்கள், வரவு செலவுக் கணக்குகள், பிள்ளைகளின் பாடக் குறிப்புகள் ஆகியவற்றை ஓரிடத்தே காத்து, கேட்கும்பொழுதெல்லாம் எடுத்து வழங்குதலின் அதனை ‘வழங்கி’ என்பர். ‘சர்வர்’ என்பது உலக வழக்கு. வீட்டில் எஞ்சிய பழைய கணினியே பெரும்பாலும் இப்பணிக்கு அமர்த்தப்படும். அதனை இயக்குதற்குப் பலரும் தேர்ந்தெடுப்பது லினக்ஸ். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வியங்குதளம், தன் செயல்களை அவ்வப்பொழுது குறித்துவைக்கும் இயல்புடையது.

இத்தகைய வழங்கி, ஒருவரும் நிறுத்தாதிருக்கவே அடிக்கடி நின்றுபோமாயின் யாது செய்வது? வட்டில் எழுதிக்கொண்டிருக்கும்பொழுது மின்சாரம் அறுபட்டால், அந்நொடியில் எழுதப்பட்ட படமோ கணக்கோ தப்பும் என்பதற்கு உறுதியில்லை. ஆதலின், ஆராய்ச்சியைத் தொடங்குமுன் யாவற்றையும் வேறொரு வட்டில் படியெடுத்து வைத்தல் முதற்கடமை.

நின்ற பொறியைக் கண்டதும் கைக்குக் கிடைத்த உறுப்பை மாற்றிப் பார்ப்போர் பலர். இது பொருளும் காலமும் வீணாகும் வழி. முதற்கண் பார்க்கத்தக்கது குறிப்பேடு. சில கணினிகளில் அக்குறிப்பேடு நினைவகத்தில் மட்டும் தங்கி, பொறி நின்றவுடன் அழிந்துபோம். வட்டில் எழுதுமாறு அமைத்த பின்னரே அது சான்றாகும்.

அதன் இறுதி வரிகள் இருவகையாகக் காணப்படும். பணிகள் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கப்பட்டு, வட்டுகளும் முறைப்படி விடுவிக்கப்பட்டன என்று இருக்குமாயின், யாரோ அல்லது எதுவோ பொறிக்கு நிறுத்துமாறு ஆணையிட்டது என்பது தெளிவு. தடையில்லா மின்கருவியின் மின்கலம் முதுமையுற்று, மின்சாரம் போன சில நொடிகளிலேயே ‘நிறுத்துக’ என்று அறிவித்திருக்கலாம். மின்விசையைக் குழந்தை அழுத்தியிருக்கலாம். மடிக்கணினியாயின், மூடியை மூடியதே உறங்கச் செய்துவிடும்.

மற்றொரு வகையில், வழக்கமான வரிகள் திடுமென நின்றுவிடும்; அடுத்த வரி மறுபடி உயிர்பெற்றதைக் கூறும். இடையில் ஒன்றுமில்லை. அம்மௌனமும் ஒரு சான்றே. எழுதுதற்கும் பொழுதின்றி மின்னோட்டம் அறுந்தது என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

வெப்பமோ இவ்விரு முகமும் உடையது. செயலிகள் பலவற்றிற்கு ஏறத்தாழ 100 பாகை செல்சியசே எல்லை. அதனை அணுகும்பொழுது செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெப்பம் பின்னும் ஏறின், ‘இடர்நிலையை எட்டியது’ என்று எழுதிவிட்டு லினக்ஸ் முறைப்படி நிறுத்தும். விசிறி நின்று வெப்பம் விரைந்து ஏறினாலோ, வன்பொருளே தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தை அறுத்துவிடும்; அப்பொழுது ஒரு சொல்லும் எழுதப்படாது. எனவே, நிமிடத்திற்கு ஒருமுறை வெப்பநிலையை அளந்து வட்டில் எழுதுமாறு செய்தல் நன்று. நிற்குமுன் இறுதி அளவு 95 பாகையாயின் தூசியடைந்த விசிறியையும், செயலிக்கும் குளிர்விப்பானுக்கும் இடையே உலர்ந்துபோன பசையையும் நோக்குக. அது 45 பாகையாயின் வெப்பத்தின்மேல் குற்றமில்லை.

அடுத்து ஐயுறத்தக்கது மின்வழங்கிப் பெட்டி. அதனுள் இருக்கும் மின்தேக்கிகள் சிலவற்றில் நீர்மம் உண்டு. வெப்பம் 10 பாகை ஏறுந்தோறும் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலார் கொள்ளும் கணக்கு. 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் குறையுள்ள நீர்மம் கொண்ட மின்தேக்கிகள் பரவி, கணினிகள் பல உச்சி புடைத்த மின்தேக்கிகளோடு பழுதுற்றன. நலிந்த பெட்டி, பொறி வாளாவிருக்கும்பொழுது குறை காட்டாது. வட்டுகள் சுழலச் செயலியும் கடிதுழைக்கும் வேளையில் தளர்ந்துவிடும். படியெடுக்கும் நள்ளிரவிலேயே பொறி நிற்பதாகக் குறிப்பேடு காட்டின், ஐயம் வலுக்கும். இப்பெட்டியை இல்லத்தில் திறத்தல் ஆகாது. மின்இணைப்பைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகள் உயிருக்கு ஊறு செய்யும் மின்னைத் தாங்கி நிற்கும். முழுப்பெட்டியையும் மாற்றுதலே முறை.

நினைவகப் பழுது பெரும்பாலும் பொறியை அணைப்பதில்லை. உறையச் செய்யும், அல்லது மீளத் தொடங்கச் செய்யும்.

எதனை மாற்றினும் ஒரு வேளையில் ஒன்றனையே மாற்றுதல் வேண்டும். மூன்று நாளுக்கொருமுறை நின்றுவந்த பொறி, மாற்றியபின் நான்கு நாள் ஓடியதைக் கொண்டு பழுது நீங்கிற்று எனல் இயலாது. இரண்டு மூன்று வாரமேனும் குறிப்பேட்டை நாள்தோறும் நோக்கிவருதல் வேண்டும்.