வணிகர்களை ஊருக்கு வரவழைக்கும் இலவசக் கருத்தரங்கு

மக்காச்சோளம் பயிரிடும் சிறு விவசாயிகள் பலர், அறுவடை முடிந்த பிறகே வாங்குபவரைத் தேடுகின்றனர். களத்தில் மணி குவிந்து கிடக்கும்போது மேகம் திரண்டால், முதலில் வரும் வியாபாரி சொல்வதே விலையாகிவிடும். இந்நிலையை மாற்ற, அறுவடைக்கு முன்பே தீவன ஆலை உரிமையாளர்களையும் மண்டி வணிகர்களையும் ஊருக்கு அழைத்து ஓர் இலவசக் கருத்தரங்கு நடத்தலாம்.

ஏன் வருவார்கள்?

நுழைவு இலவசம் என்பதற்காக எந்த வணிகரும் வரமாட்டார். அரை நாள் கடையை விட்டு வர அவருக்குத் தக்க காரணம் வேண்டும். நாமக்கல் பகுதிக் கோழிப்பண்ணைகளின் தீவனத்தில் மக்காச்சோளமே முக்கியப் பொருள். ஆலைக்குத் தேவை, ஒரே தரமான சரக்கு ஒரே இடத்தில் லாரி நிறையக் கிடைப்பதுதான். தனியொருவரின் 1 டன்னுக்காக அவர் வரமாட்டார். பத்துப் பேர் சேர்ந்து 10 டன் காட்டினால் வருவார்.

எப்போது நடத்துவது?

விதைத்த 75 முதல் 80 நாட்களுக்குள் நடத்துவது நல்லது. அப்போது கதிரில் மணி பிடித்திருப்பதை வயலிலேயே காட்டலாம். புரட்டாசிக் கடைசியில் விதைத்த 105 நாள் பயிருக்கு மார்கழி நடுப்பகுதி ஏற்றது. அறுவடைக்கு மூன்று, நான்கு வாரங்கள் இருப்பதால் விலை பேசவும் அவகாசம் கிடைக்கும்.

அழைப்பிதழில் என்ன இருக்க வேண்டும்?

1. மொத்தப் பரப்பு, இரகம், விதைத்த தேதி.
2. அறுவடை வாரம், எதிர்பார்க்கும் அளவு. அளவைக் கூட்டிச் சொல்லக்கூடாது. ஒருமுறை ஏமாந்த வணிகர் மறுமுறை வரமாட்டார்.
3. எந்த ஈரப்பதம் வரை காயவைத்துத் தருவீர்கள் என்பது.
4. உலர்களம், எடைமேடை, லாரி வந்து போகும் பாதை ஆகிய வசதிகள்.

உள்ளூர் விவசாயிகளுக்குத் துண்டறிக்கை போதும். வணிகர்களை அழைக்க, விவசாயிகள் இருவர் சென்ற பருவத்து மணியில் 1 கிலோ மாதிரி எடுத்துக்கொண்டு நேரில் செல்ல வேண்டும். அது சென்ற பருவத்துச் சரக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கருத்தரங்கிற்கு இரண்டு நாள் முன்பு தொலைபேசியில் நினைவூட்டுங்கள். ஒரே ஒரு வணிகர் வந்தால் போட்டி இராது. ஆகவே குறைந்தது ஐந்து, ஆறு பேரையாவது அழையுங்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூட அலுவலரையும் வேளாண்மை அறிவியல் நிலைய வல்லுநரையும் அழைப்பது பயன் தரும்.

அன்று பேச வேண்டியது

முதலில் வயலைக் காட்டிவிட்டுப் பிறகு கூட்டத்தைத் தொடங்குங்கள். ஈரப்பதத்திற்கேற்ற விலை வேறுபாட்டைக் கட்டாயம் கேளுங்கள். 18 சதவீத ஈரமுள்ள 100 கிலோ மணியை 14 சதவீதத்திற்குக் காயவைத்தால் எடை சுமார் 95.3 கிலோவாகக் குறையும். ஆகவே காய்ந்த மணிக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 5 சதவீதம் கூடுதல் விலை கிடைத்தால்தான் எடை இழப்பு ஈடாகும். காயவைக்கும் கூலிக்கு அதற்கு மேலும் வேண்டும். அதே வேளையில், ஈரமான மணியில் பூஞ்சாணம் வளர்ந்து அஃப்ளாடாக்சின் நஞ்சு உண்டாகும்; அது கோழிகளைப் பாதிக்கும். நன்கு காய்ந்த சரக்கை ஆலையினர் விரும்புவது இதனால்தான். இக்கணக்கை இரு தரப்பினரும் ஒரே மேடையில் பேசிக்கொண்டால் பிற்பாடு தகராறு எழாது.

சாக்கு யாருடையது, எடை எங்கே போடுவது, ஏற்றுகூலி யார் தருவது, பணம் எத்தனை நாளில் கிடைக்கும் ஆகியவற்றையும் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அன்றே விலையை முடிவு செய்ய அவசரப்பட வேண்டாம்.

கருத்தரங்கிற்குப் பின்

ஒரு வாரத்திற்குள் வந்தவர் அனைவருக்கும் கடிதம் எழுதி, அறுவடைத் தேதியை உறுதிப்படுத்துங்கள். அறுவடையானதும் புதிய மாதிரியை அனுப்பி விலை கேளுங்கள். ஒத்துக்கொண்ட நிபந்தனைகளை எழுத்தில் பெறுங்கள்.

பந்தலுக்கும் தேநீருக்கும் ஆகும் செலவைப் பத்துப் பேர் பகிர்ந்துகொண்டால் அது பெரிய சுமையாகாது. வாங்குபவர் யார், அவருக்கு வேண்டியது என்ன என்பதை அறுவடைக்கு முன்பே அறிந்த விவசாயி, களத்தில் நின்று கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியதில்லை. எனவே வரும் பருவத்திலேயே உங்கள் ஊரில் இத்தகைய கருத்தரங்கை நடத்திப் பயன் பெறுங்கள்.