கோலி சோடாப் புட்டி

விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்லும்போது கோலி சோடா பருகியிருப்பீர்கள். கேரளத்தில் அதனை 'வட்டு சோடா' என்பர். கழுத்தில் கண்ணாடிக் கோலி அமைந்த இப்புட்டிக்கு, இங்கிலாந்து நாட்டு ஹிராம் காட் 1872ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் கோலியை மேலே தள்ளிப் புட்டியின் வாயை அடைக்கிறது. தனி மூடி வேண்டியதில்லை. பருகியபின் புட்டியைக் கடையிலேயே திருப்பித் தருகிறோம். கழுவி நிரப்பப்பட்டு அது மீண்டும் விற்பனைக்கு வருகிறது. இது மறுபயன்பாடு.

உடைந்த புட்டியின் வழி வேறு. அதனை நொறுக்கி, உலையில் உருக்கிப் புதிய புட்டி வார்ப்பர். இது மறுசுழற்சி. எத்தனை முறை உருக்கினாலும் கண்ணாடியின் தரம் குறைவதில்லை. சேர்த்தலை வட்டாரத்தில் கிடைப்பது போன்ற வெண்மணலைத் தோண்டும் தேவையும் குறைகிறது. ஆயினும் உலைக்கு ஏறத்தாழ 1500 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். மூலப்பொருளில் 10 விழுக்காடு பழங்கண்ணாடி சேர்த்தால், மிச்சமாகும் ஆற்றல் ஏறத்தாழ 3 விழுக்காடே.

அவ்வாறாயின் மறுபயன்பாடே எப்போதும் சிறந்ததா? புட்டியைக் கழுவ வெந்நீரும் காரமும் வேண்டும். பலமுறை பயன்படும் புட்டி தடித்திருக்க வேண்டும். எடை கூடினால் வண்டிக்கு எரிபொருளும் கூடும். சாலைக் கடைத்தெருவில் விற்ற புட்டி திருவனந்தபுரத்திலேயே கழுவி நிரப்பப்பட்டால் நன்மை மிகுதி. அது வெறும் புட்டியாகச் சென்னை வரை செல்ல நேர்ந்தால் அந்நன்மை குறையும். எனவே, தொலைவையும் கணக்கிட்டே முடிவு செய்தல் வேண்டும்.

மாணவர்களே, முழுப் புட்டியை உடைக்காமல் மீண்டும் பயன்படுத்துங்கள். உடைந்த சில்லுகளைத் தடித்த தாளில் சுற்றித் தனியே கொடுங்கள். நம் வீட்டுக் கழிவுகளைப் பெற வரும் ஹரித கர்ம சேனைப் பெண்களின் கைகளை அச்சில்லுகள் கிழித்துவிடக் கூடாது அன்றோ?

சொற்பொருள்
காரம் – அழுக்கு நீக்கும் வேதிப்பொருள்
சில்லு – உடைந்த துண்டு
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு

பயிற்சி
1. மறுபயன்பாடு, மறுசுழற்சி வேறுபாடு யாது?
2. புட்டியின் எடை கூடுவதால் நேரும் தீமை யாது?
3. 'குப்பி' என்னும் சொல் தமிழிலும் மலையாளத்திலும் வழங்குகிறது. இவ்வாறு இரு மொழிகளுக்கும் பொதுவான ஐந்து சொற்களை எழுதுக.
4. உம் வீட்டிலுள்ள கண்ணாடிப் புட்டிகளை எண்ணி, ஒவ்வொன்றையும் என்ன செய்யலாம் எனக் காரணத்துடன் எழுதுக.