சாய்வுப் பட்டைக் கதவும் கரிசல் நாட்டு மரங்களும்

கோடைப் பகலில் கதவை அடைத்தால் அறைக்குள் அனல்; திறந்து வைத்தால் தெருவில் போவோர் பார்வை. கழுகுமலை, கோவில்பட்டிப் பக்கத்து வீடுகளில் பெண்பிள்ளைகள் அமர்ந்து படிக்கும் அறைக்கு இவ்விரு தொல்லையும் உண்டு. இரண்டையும் ஒருங்கே தீர்ப்பது சாய்வுப் பட்டைக் கதவு. லூவர் கதவு என்றும் சொல்வர். நான்கு சட்டங்களுக்கு நடுவே மெல்லிய மரப்பட்டைகளைச் சாய்வாக, ஒன்றன்மேல் ஒன்று சற்று மறையும்படி அடுக்கிச் செய்வது இது. காற்று நுழையும், கண் நுழையாது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகளின் சன்னல்களில் இத்தகைய பட்டைகளைக் காணலாம். பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சுற்றுலா சென்றவர்கள், மரச்சட்டங்களின் இடைவெளி வழியே காற்றும் மங்கிய வெளிச்சமும் வர, உள்ளே குளிர்ச்சியாக இருந்ததை நினைவுகூரலாம்.

இக்கதவுக்கு எம்மரம் ஏற்றது? "நல்ல வலுவான மரமாகப் போடுங்கள்" என்று ஆசாரியிடம் சொல்வதே வழக்கம். அது பாதி விடைதான் என்பேன். கதவின்மேல் எவரும் ஏறி நிற்கப் போவதில்லை. மழைக்கும் வெயிலுக்கும் உருமாறாமல் அடங்கிக் கிடக்கும் மரமா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

கரிசல் மண்ணைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. சித்திரை, வைகாசியில் நம் புஞ்சைகள் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கின்றன. ஐப்பசி மழை இறங்கியதும் அதே மண் நீர் குடித்து உப்பி, வெடிப்பெல்லாம் மூடிக்கொள்கிறது. அறுத்து இழைத்த மரமும் இதையேதான் செய்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் அதனை வாங்கிப் பருக்கிறது. வறண்டால் விட்டுச் சுருங்குகிறது. வெட்டுவான் கோயிலின் கல்லுக்குச் சித்திரையும் ஐப்பசியும் ஒன்றே. எட்டாம் நூற்றாண்டில் செதுக்கியது அப்படியே நிற்கிறது. மரத்திற்கு அந்தப் பொறுமை இல்லை.

மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நீளவாக்கில் சுருக்கம் மிகச் சொற்பம். பச்சைத் தேக்கு முழுதும் உலரும்போது, அடிமரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய போக்கில் ஏறத்தாழ 2.5 விழுக்காடும், வளையங்களைச் சுற்றிய போக்கில் ஏறத்தாழ 6 விழுக்காடும் சுருங்கும். ஒரு போக்கைவிட மற்றது இரு மடங்குக்கும் மேல்! பலகை கோணுவதற்கு இந்த வேறுபாடு முக்கியமான காரணம். ஆகவே பலகை வாங்கும்போது அதன் முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் கனத்தின் ஊடே நெட்டுக்குத்தாக நின்றால் பலகை தட்டையாகவே இருக்கும். வளைந்து படுத்திருந்தால் நாளடைவில் ஓடு போலக் குழியும்.

முழுப் பலகைக் கதவில் சிறு கோணல் வந்தால் இழைத்துச் சரிசெய்யலாம். சாய்வுப் பட்டைக் கதவில் முப்பதுக்கு மேற்பட்ட பட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றும் இரு முனையிலும் காடிக்குள் பொருந்தி நிற்கும். பட்டை மெல்லியது, இருபுறமும் காற்றுப் படுவது. எனவே விரைவில் ஈரம் வாங்கும். நெடுஞ்சட்டம் ஒன்று முறுக்கிக்கொண்டால் சில பட்டைகள் கழன்று ஆடும், சில இறுகி வெடிக்கும். வீடு கட்டுவது பலருக்கும் வாழ்நாளில் ஒருமுறைதான். ஓராண்டில் கெட்டுப்போகும் கதவுக்குச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுப்பது எத்தனை வேதனை!

இனி மரங்களைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் 'ஹார்ட்வுட்' என்ற சொல்லை நம்பி ஏமாற வேண்டாம். தாவர நூலார் பூக்கும் இருவித்திலை மரங்கள் அனைத்தையும் அப்பெயரால் அழைப்பர். அந்தக் கணக்கில் நம் தீப்பெட்டித் தொழிலுக்கு வரும் இலவும் ஹார்ட்வுட்தான்! நகத்தால் கீறினால் பதியும் அம்மரத்தில் கதவு செய்ய யாரும் துணியமாட்டார்கள்.

தேக்குக்கே முதலிடம். சுருக்கம் குறைவு, எண்ணெய்ப்பசை உண்டு, கரையான் எளிதில் அணுகாது, இழைப்புக்கும் இணங்கும். ஆனால் இப்பெருமை எல்லாம் வைரம் பாய்ந்த பகுதிக்கே உரியது. இளமையில் வெட்டிய மரத்தில் வெளிப்புற வெள்ளைப் பகுதி மிகுதி. அதனைப் பூச்சி தின்னும். தேக்கு என்ற பெயருக்கு விலை கொடுத்து வெள்ளையை வாங்கி வருவோர் பலர்.

கருவேலம் நம் கண்மாய்களில் விளைவது, ஏருக்கும் வண்டிக்கும் பேர்போனது. எனினும் இக்கதவுக்கு அதனைச் சொல்லமாட்டேன். ஒரு கன அடி தேக்கு ஏறத்தாழ 18 கிலோ என்றால் கருவேலம் 22 கிலோவைத் தாண்டும், கீல் தொங்கிவிடும். மெல்லிய பட்டையாக இழைப்பதற்குள் உளி மழுங்கிப்போகும். நேரான நீண்ட கட்டையும் அரிது.

வேம்பு மலிவு, கரையானுக்குக் கசப்பு. ஆனால் அதன் நார்கள் ஒன்றையொன்று பின்னி ஓடுவதால் இழைத்தாலும் வழவழப்பு வராது. நன்கு உலர்ந்தது கிடைத்தால் பட்டைகளுக்குப் போதும். பூவரசு அதனினும் மேல். மிகக் குறைவாகவே சுருங்கும். நீருக்கும் தாங்கும், படகு கட்டவே பயன்பட்டதல்லவா? முதிர்ந்த மரம் உள்ளே கூடு விழுந்து கிடப்பதால் நீளச் சட்டம் கிடைப்பது கடினம். நமக்கு வேண்டியதோ ஒன்றரை, இரண்டடிப் பட்டைகள்! நெடுஞ்சட்டத்திற்கும் குறுக்குச் சட்டத்திற்கும் தேக்கு, பட்டைகளுக்குப் பூவரசு என்று பிரித்துக்கொண்டால் செலவு பெரிதும் குறையும்.

எல்லாரும் வையும் சீமைக் கருவேலத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதன் உறவினமான அமெரிக்க மெஸ்கிட், தேக்கைவிடவும் குறைவாகச் சுருங்குவது. அங்கே மேசை, நாற்காலிக்கும் தரைப்பலகைக்கும் விரும்பப்படுவது. நம் ஊரில் தடித்த தூரெல்லாம் கரிமூட்டத்துக்குப் போகிறது. வெட்டி அழிக்கும்போது நேரான குட்டைக் கட்டைகளை மட்டும் ஒதுக்கி, அறுத்துப் பார்த்தால் என்ன?

எம்மரமானாலும் உலராமல் கதவாகக் கூடாது. இதனை ஆய்வகத் தராசிலேயே அறியலாம். பலகையின் நடுவில் ஒரு துண்டு வெட்டி எடை பாருங்கள். 115 கிராம் என்று கொள்வோம். சுமார் 103 பாகை செல்சியஸ் சூட்டில், எடை இனிக் குறையாது என்னும்வரை உலர்த்துங்கள். 100 கிராமில் நின்றால் ஈரம் 15 விழுக்காடு. நம் வறண்ட காற்றுக்கு 10 முதல் 12 வரை இருப்பது நல்லது. கூடுதலானால் பலகைகளை நிழலில், இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, இன்னும் சில திங்கள் பொறுக்க வேண்டும்.

பட்டைகளுக்கு ஆணியோ பசையோ வேண்டாம்; காடியில் மயிரிழை இடம் விட்டால் அவை தாமே பருத்துச் சுருங்கிக்கொள்ளும். சாய்வு வெளிப்புறம் இறங்க வேண்டும், மழைநீர் வழிய. துணி சுற்றிய விரல் நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். ஆடிக்காற்றில் புழுதி படிந்த பட்டைகளைத் துடைப்பவர் பெரும்பாலும் நாமாகத்தான் இருப்போம். தெருவாசலுக்கு மட்டும் இக்கதவு ஆகாது. அங்கே முழுப் பலகையே இருக்கட்டும்.