‘மா’ என்ற ஓர் எழுத்து

தாம்பரம், சென்னைக்குத் தெற்கே உள்ள ஊர். அங்கே ஓர் எழுத்தறிவு மையம். மாலை நேரம். பூ விற்கும் அம்மா ஒருவர் அன்று சற்றுத் தாமதமாக வந்தார். வழியில் ஒரு பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு வந்திருந்தார்.

“கண்ணு, பலகையில ‘தாம்பரம் மாநகராட்சி’ன்னு போட்டிருக்கு. நாங்க நகராட்சின்னுதானே சொல்லுவோம்? முன்னாடி அந்த ‘மா’ எதுக்கு?” என்று கேட்டார்.

பாடம் சொல்லித் தரும் பெண்ணுக்கு மகிழ்ச்சி. “நல்ல கேள்வி அம்மா. அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால பெரிய கதை இருக்கு. இன்னிக்கு அதையே படிப்போம்” என்றார்.

நகராட்சியும் மாநகராட்சியும்

‘மா’ என்றால் பெரிய என்று பொருள். மாநகரம் என்றால் பெரிய நகரம்.

கிராமத்தை நடத்துவது ஊராட்சி. அதைவிடப் பெரிய ஊருக்குப் பேரூராட்சி. நகரத்துக்கு நகராட்சி. பெரிய நகரத்துக்கு மாநகராட்சி.

நகராட்சியின் தலைவரை நகர்மன்றத் தலைவர் என்பார்கள். மாநகராட்சியின் தலைவர்தான் மேயர். ஆகவே, மாநகராட்சி இருந்தால்தான் மேயர் உண்டு.

முதல் மேயர்

நம் நாட்டின் முதல் மாநகராட்சி சென்னை. அது 1688-ஆம் ஆண்டு தொடங்கியது. அப்போது கோட்டையையும் அதைச் சுற்றி இருந்த ஊரையும் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்டது. முதல் மேயர் நதானியேல் ஹிக்கின்சன் என்ற ஆங்கிலேயர். அவரைக் கம்பெனிதான் அமர்த்தியது. மக்களிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை.

பிறகு நீண்ட காலம் மேயர் என்ற பதவியே இல்லை. மாநகராட்சிக்குத் தலைவர் மட்டும் இருந்தார். 1920-இல் சர் பிட்டி தியாகராயர் தலைவர் ஆனார். ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் அவர் காலத்தில்தான் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடத் தொடங்கினார்கள்.

1933-இல் தலைவர் பதவிக்கு மீண்டும் மேயர் என்ற பெயர் வந்தது. ராஜா சர் முத்தையா செட்டியார் மேயர் ஆனார். 1937-இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை மேயர் ஆனார். தாழ்த்தப்பட்ட மக்களிலிருந்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் மனிதர் அவர். 1956-இல் தாரா செரியன் மேயர் ஆனார். சென்னையின் முதல் பெண் மேயர் அவர்தான்.

ஆனால் அந்தக் காலத்தில் தாம்பரம் இந்தக் கதைக்கு வெளியே இருந்தது.

புறநகர் வளர்ந்தது

பெருநகரத்தை ஒட்டியுள்ள ஊர்களைப் புறநகர் என்கிறோம். தாம்பரம் அப்படிப்பட்ட ஊர்.

1928-இல் இங்கே காசநோய் மருத்துவமனை வந்தது. அந்த இடத்தை இன்றும் சானடோரியம் என்றே சொல்கிறோம். 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இங்கே இடம் மாறி வந்தது.

காலையில் ரயில் ஏறி நகரத்தில் வேலை பார்க்கலாம். இரவு வீடு திரும்பலாம். அதனால் மக்கள் வந்து குடியேறினார்கள். வயல்கள் வீட்டுமனைகள் ஆயின.

1964-இல் தாம்பரம் நகராட்சி ஆனது. சுற்றியுள்ள ஊர்களும் வளர்ந்தன. ஓர் ஊர் முடியும் இடமும் அடுத்த ஊர் தொடங்கும் இடமும் தெரியாமல் போயின. மழைநீருக்கு ஊர் எல்லை தெரியாது. குப்பைக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி அலுவலகம் இருந்தது.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற 5 நகராட்சிகள் சேர்ந்தன. சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்ற 5 பேரூராட்சிகளும் சேர்ந்தன. மொத்தம் 70 வார்டுகள். ‘மா’ என்ற எழுத்து அப்போதுதான் பலகையில் ஏறியது.

கவுன்சிலர் இல்லாத காலம்

பூக்கார அம்மா இடையில் கேட்டார்: “கண்ணு, நடுவுல கொஞ்ச வருஷம் கவுன்சிலரே இல்லையே?”

உண்மைதான். சென்னையில் 1973-இல் மாமன்றம் கலைக்கப்பட்டது. 1996 வரை தேர்தலே நடக்கவில்லை. 23 ஆண்டுகள்! அன்று பிறந்த குழந்தை வளர்ந்து கல்யாணமே ஆகியிருக்கும்.

பிறகு சட்டம் வந்தது. அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. 5 ஆண்டுக்கு ஒரு முறை உள்ளாட்சித் தேர்தல் நடக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2016-இல் இது பாதிப் பங்காக உயர்ந்தது.

சட்டம் இருந்தும் மறுபடி தடங்கல் வந்தது. தமிழ்நாட்டு நகரங்களில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடையில் 5 ஆண்டுக்கு மேல் அதிகாரிகளே நிர்வாகம் செய்தார்கள். அதிகாரி திறமையானவராக இருக்கலாம். ஆனால் அவர் நம்மிடம் ஓட்டுக் கேட்டு வந்தவர் அல்லர்.

தாம்பரத்தின் முதல் மேயர்

2022 மார்ச் 4 அன்று தாம்பரத்துக்கு முதல் மேயர் கிடைத்தார். அவர் பெயர் வசந்தகுமாரி கமலக்கண்ணன். அப்போது அவருக்கு வயது 25. பொறியியல் படித்தவர். தாம்பரத்தின் மேயர் பதவி தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சென்னையிலும் அப்படியே. அங்கே பிரியா ராஜன் மேயர் ஆனார். அன்று தமிழ்நாட்டில் 21 மாநகராட்சிகள் இருந்தன. அவற்றில் 11 இடங்களில் பெண்கள் மேயர் ஆனார்கள்.

1688-இல் கம்பெனி பார்த்து அமர்த்திய நாற்காலி அது. அதில் நம் ஊர்ப் பெண் வந்து உட்கார 334 ஆண்டுகள் ஆயின.

நம் ஓட்டு எங்கே போகிறது?

“மேயருக்குன்னு நான் தனியா ஓட்டுப் போடலையே?” என்றார் பூக்கார அம்மா.

2022 தேர்தலில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒவ்வொரு வார்டு மக்களும் ஒரு கவுன்சிலரைத் தேர்ந்தெடுத்தார்கள். 70 கவுன்சிலர்கள் சேர்ந்ததுதான் மாமன்றம். அவர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். அதாவது, நம் வார்டில் போட்ட ஓட்டுதான் மேயர் வரைக்கும் போகிறது.

மேயருக்கு அங்கி உண்டு. கழுத்தில் சங்கிலி உண்டு. ஆனால் அவர் தனியாக எதையும் முடிவு செய்ய முடியாது. மாமன்றக் கூட்டத்தை அவர் நடத்துவார். தெருவிளக்கு, குடிநீர், சாலை, குப்பை, வரி ஆகியவை பற்றி மாமன்றம் தீர்மானம் போடும். அதை நிறைவேற்றுபவர் ஆணையர். அவர் அரசு அதிகாரி.

ஓட்டுப் போட்டதோடு நம் வேலை முடியவில்லை. வார்டுக்குள் பகுதி சபைக் கூட்டம் நடக்கும். 2022 நவம்பர் 1 அன்று முதல் முறையாக நகரங்களில் இக்கூட்டங்கள் நடந்தன. அந்தப் பகுதியில் வாக்காளராக உள்ள எவரும் அதில் எழுந்து பேசலாம். மனுவும் கொடுக்கலாம்.

பூக்கார அம்மா பலகையில் எழுதியிருந்த சொற்களை ஒரு முறை வாசித்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். மெதுவாக எழுதினார்:

‘எங்கள் தெரு முனைக்கு ஒரு விளக்குக் கம்பம் வேண்டும்.’

“இதை யார்கிட்ட சொல்லி எழுதி வாங்கறதுன்னு முன்னெல்லாம் தேடுவேன் கண்ணு” என்றார். கீழே தன் பெயரையும் எழுதினார். கைநாட்டு வைக்கவில்லை.

புதிய சொற்கள்

மாமன்றம்: மாநகராட்சிக் கவுன்சிலர்கள் கூடும் சபை.
புறநகர்: பெருநகரத்தை ஒட்டியுள்ள ஊர்.
ஆணையர்: மாநகராட்சியின் தலைமை அதிகாரி.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் ஊரில் இருப்பது ஊராட்சியா, பேரூராட்சியா, நகராட்சியா, மாநகராட்சியா?
2. உங்கள் வார்டு எண் என்ன? கவுன்சிலர் யார்?
3. கவுன்சிலர் இல்லாத காலத்தில் உங்கள் தெருக் குறையை யாரிடம் சொன்னீர்கள்?
4. உங்கள் தெருவுக்குத் தேவையான ஒன்றை மனுவாக எழுதுங்கள். உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.