'சரி சார்' மட்டும் போதுமா?

ஊரிலிருந்து தில்லிக்கு வேலைக்கு வரும் நம் பிள்ளைகளைப் பற்றி இங்குள்ள அலுவலகங்களில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. வேலை தெரிந்தவர்கள் என்பது ஒன்று. வாயைத் திறக்க மாட்டார்கள் என்பது மற்றொன்று. முதலாவதைக் கேட்டு நாம் மகிழ்ந்து போகிறோம். ஆனால் பதவி உயர்வுக்குப் பெயர் எழுதும் நேரத்தில் இரண்டாவதுதான் முன்னால் வந்து நிற்கிறது.

ஓக்லாவில் இயந்திர உதிரிப் பாகங்கள் செய்யும் நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிறு மாலைகளில் நம் இளைஞர்கள் சிலரோடு உட்கார்ந்து, அலுவலகத்தில் பேசுவது எப்படி, எழுதுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்து வருகிறேன். அங்கே திரும்பத் திரும்ப வரும் சில விஷயங்களை இங்கே எழுதுகிறேன். இதில் இலக்கணம் குறைவு. இலக்கணப் பிழையால் வேலை போனவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

நமக்குப் பேசத் தெரியாது என்று எப்படிச் சொல்ல முடியும்? பட்டிமன்றம் என்றால் இந்தக் குளிரிலும் அரங்கு நிறைகிறதே! சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் பெரியவர்களிடம் 'முடியாது' என்று நேராகச் சொல்வது மரியாதைக் குறைவு. 'பார்க்கலாம்', 'செஞ்சிடலாம்', 'சொல்றேன் மாமா' என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். கேட்கும் மாமாவுக்கும் அது ஆகாத காரியம் என்று புரிந்துவிடும். இந்தப் பழக்கத்தை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு வந்து அலுவலகத்தில் 'சரி சார்' என்கிறோம். நம்மைப் பொறுத்தவரை அது 'நீங்கள் சொன்னது காதில் விழுந்தது' என்பதுதான். எதிரில் இருப்பவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைத் திட்டமிட்டு விடுகிறார்.

ஃபரீதாபாத்தில் ஒரு தொழிற்சாலை. நம் பக்கத்துப் பையன், டிப்ளமோ படித்தவன், தரப் பரிசோதனைப் பிரிவில் தகுதிகாண் பருவத்தில் இருந்தான். வியாழக்கிழமைக்குள் பரிசோதனை அறிக்கை வேண்டும் என்று திங்களன்று மேலதிகாரி சொன்னார். 'சரி சார்' என்றான். சரிபார்ப்புக்குப் போன அளவுக் கருவி வெள்ளிக்கிழமைதான் திரும்பி வரும் என்பது செவ்வாய் காலையிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவன் சொல்லவில்லை. வியாழனன்று லாரி வந்து நின்றது. அறிக்கை இல்லாமல் சரக்கை ஏற்ற முடியாது. லாரியை நிறுத்தி வைத்ததற்கான பணத்தை நிறுவனம் கட்டியது. பையனின் தகுதிகாண் பருவம் மேலும் 3 மாதம் நீண்டது. வேலை நிரந்தரமாகும் என்று நம்பித்தான் ஊரில் தங்கையின் கல்யாணத்துக்குத் தேதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் தள்ளிப் போயிற்று.

என்னிடம் வந்தபோது, "நான் பொய் சொல்லலை சார். அவர் மனசு கஷ்டப்படுமேன்னுதான் தயங்கினேன்" என்றான். மேலதிகாரி அவனிடம் சொன்னதையும் அவனே சொன்னான்: "கருவி வராதது உன் குற்றமில்லை. செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால் பக்கத்துப் பிரிவில் ஒன்று கேட்டு வாங்கியிருப்பேனே!" எனக்கு அந்த அதிகாரியின் பக்கம்தான் நியாயம் தெரிந்தது.

அப்படியானால் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்லிவிடுவதா? அதுவும் இல்லை. மூன்று சிறு வாக்கியங்கள் போதும். எது ஆகாது, ஏன் ஆகாது, எப்போது ஆகும். இந்தியில் இப்படிச் சொல்லலாம்: "ஸர், ரிப்போர்ட் குருவார் தக் நஹீன் ஹோ பாயேகி. கேஜ் ஷுக்ரவார் கோ ஆயேகா. ஷனிவார் தோபஹர் தக் தே தூங்கா." பெண்களானால் 'தே தூங்கி'. காரணம் ஒரு வரிக்கு மேல் போக வேண்டாம். கருவி எந்தக் கம்பெனிக்குப் போயிற்று, யார் கையெழுத்துப் போடவில்லை என்பதெல்லாம் அவர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். மரியாதை குரலில் இருக்கட்டும், 'ஸர்' என்ற சொல்லில் இருக்கட்டும். செய்தியை மறைப்பதில் மரியாதை இல்லை. மிக முக்கியமாக, தெரிந்த அன்றே சொல்ல வேண்டும். ஒரே செய்திதான். ஆனால் செவ்வாயன்று சொன்னால் அது தகவல், வியாழனன்று சொன்னால் குற்ற ஒப்புதல்.

இதை ஏதோ வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்த நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். திருக்குறளில் 64-ஆம் அதிகாரம் அமைச்சு, அதற்கு அடுத்ததே சொல்வன்மை. பேச்சை வள்ளுவர் மேடை அலங்காரமாக வைக்கவில்லை. ஆட்சி வேலையில் இருப்பவனின் தொழில் திறமையாக வைத்திருக்கிறார். அரசன் தானாக அறியாதவனாக, சொன்னாலும் ஏற்காதவனாக இருந்தாலும் நல்லதை எடுத்துச் சொல்வது உடனிருக்கும் அமைச்சனின் கடமை என்று அந்த அதிகாரத்திலேயே வருகிறது. நம் மேலதிகாரிகள் அத்தனை மோசமில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர்களிடமும் இதே வழவழப்பு உண்டு. 'அச்சா' என்றால் சம்மதம் என்று எண்ணிவிடாதீர்கள். பல நேரம் அது 'ம், சொல்லுங்கள்' என்பதுதான். 'தேக்தே ஹைன்' என்பது அசல் நம் 'பார்க்கலாம்'. கடைக்காரரோ காண்ட்ராக்டரோ 'ஹோ ஜாயேகா' என்றால், "கிஸ் தின்?" என்று கேட்டுக் கிழமையை வாங்கிக்கொண்டு நகருங்கள்.

கிழமையை என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தியில் 'கல்' என்பது நேற்றும் ஆகும், நாளையும் ஆகும். 'பர்ஸோன்' என்பதும் அப்படியே. முந்தாநாளும் அதுதான், நாளை மறுநாளும் அதுதான். வினைச்சொல்லைக் கேட்டுத்தான் காலம் தெரியும். இரைச்சலான தொழிற்சாலையில், தொலைபேசியில், வாக்கியத்தின் கடைசியில் வரும் அந்த வினைச்சொல்தான் முதலில் காதில் விழாமல் போகும். தில்லிப் பஞ்சாபிகள் வியாழனை 'வீர்வார்' என்பார்கள். அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட ஆபத்தானது எண். முனிர்க்காவில் விசேஷங்களுக்கு இட்லி, சாம்பார் செய்து கொடுக்கும் சகோதரி ஒருவர் இருக்கிறார். ஒரு வீட்டில் 'டாயி ஸௌ' இட்லி கேட்டார்கள். அவர் காதில் அது 'தோ ஸௌ' என்று விழுந்தது. 200 இட்லி போயிற்று. அவர்கள் கேட்டது 250. பந்தியின் கடைசி வரிசை காலித் தட்டோடு உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டு ஆர்டரோடு, அவர்கள் சொல்லி வரவிருந்த மூன்று நான்கு ஆர்டர்களும் போய்விட்டன.

ஒன்றரைக்கு 'டேட்', இரண்டரைக்கு 'டாயி' என்று இந்தியில் தனிச்சொற்கள். மூன்றரையிலிருந்துதான் 'ஸாடே' வரும். ஆகவே டேட் ஸௌ 150, டாயி ஹஸார் 2,500, ஸாடே தீன் ஸௌ 350. 'ஸவா' என்றால் காலே கால் கூட: ஸவா ஸௌ 125. இதுவரை மனப்பாடம் செய்துவிடலாம். தமிழ்க் காதை ஏமாற்றுவது 'பௌனே'. நாம் 'இரண்டே முக்கால்' என்று கீழிருந்து கூட்டிச் சொல்கிறோம். அவர்கள் மேலிருந்து கால் குறைத்து 'பௌனே தீன்' என்கிறார்கள். பௌனே என்றால் முக்கால் என்று யாரோ சொல்லிக் கொடுத்ததை வைத்து, நம்மவர் அதை மூன்றே முக்கால் என்று எழுதிக்கொள்கிறார். 2.45-க்குக் கூட்டம், இவர் 3.45-க்குப் போய் நிற்கிறார்.

இதேபோல 29 'உன்தீஸ்'. முப்பதுக்கு ஒன்று குறைவு என்ற கணக்கு. 39 உன்தாலீஸ், 49 உன்சாஸ். 'தீஸ்' காதில் விழுந்ததும் முப்பதுக்கு மேல் என்று எண்ணிவிடக் கூடாது. சிரிக்க வேண்டாம், நாமும் 90-ஐ நூறின் பெயரை வைத்துத்தான் 'தொண்ணூறு' என்கிறோம். 79-க்கு உன்யாஸி, 89-க்கு நவாஸி. விலை பேசும்போது இந்த இரண்டும் குழம்பினால் ஒரு கிலோவுக்குப் பத்து ரூபாய் போகும்.

எத்தனை வருஷம் இங்கே இருந்தாலும் காதை மட்டும் நம்ப வேண்டாம் என்பதே என் கட்சி. பேசி முடித்த கையோடு ஒரு வரிச் செய்தி அனுப்புங்கள்: '250 இட்லி, சனி, காலை 7.30, ரூபாய் இவ்வளவு, சரிதானே?' எண்களை எண்ணாகவே எழுத வேண்டும். வாட்ஸ்அப் போதும். பதில் வந்த பிறகு அரிசி ஊறப்போடலாம். முனிர்க்கா சகோதரி இப்போது அப்படித்தான் செய்கிறார்.

இனிக் கடிதம். இன்று பெரும்பாலும் மின்னஞ்சல். நம்மவர் ஆங்கிலம் பொதுவாக நன்றாகவே இருக்கிறது. குறை வாக்கிய அமைப்பில் இல்லை, சொல்லும் வரிசையில் இருக்கிறது. தமிழில் காரணங்களை அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் வினைமுற்றை வைக்கிறோம். அந்தப் பழக்கத்தில் கடிதத்தையும் எழுதுகிறோம்: இந்தத் தேதியில் ஆர்டர் கொடுத்தோம், சப்ளையர் இப்படிச் சொன்னார், நடுவில் ஹோலி வந்தது, பிறகு மழை, ஆகையால் 10 நாள் தாமதமாகும். படிப்பவர் கைப்பேசியில் முதல் இரண்டு வரிதான் பார்க்கிறார். அங்கே அவருக்குக் கிடைப்பது ஆர்டர் தேதி!

தலைகீழாக எழுதுங்கள். 'சரக்கு 18-ஆம் தேதிக்குப் பதில் 28-ஆம் தேதி வரும். அதுவரை கையிருப்பு 6 நாளுக்குத்தான் இருக்கிறது. உள்ளூரில் 4 நாள் சரக்கு வாங்க உங்கள் அனுமதி வேண்டும். காரணம் கீழே.' இப்படி எழுதினால் அவர் படித்த இடத்திலிருந்தே பதில் போடலாம். தலைப்பிலும் 'ரெகார்டிங் மெட்டீரியல்' என்று பொதுவாகப் போடாமல், எந்தச் சரக்கு, எத்தனை நாள் தாமதம் என்று போடுங்கள். 'டூ தி நீட்ஃபுல்' என்ற பழைய வழக்கத்தை விட்டுவிடலாம். எது 'நீட்ஃபுல்' என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். அவர் ஊகித்துச் செய்வதாக இருந்தால் கடிதம் எதற்கு?

மத்திய அரசு அலுவலகங்களுக்கு வரும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. 1976-ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தா. அதனால் ஊரில் மத்திய அரசு வேலை பார்த்தவர்கூட இங்கே வந்ததும் திகைக்கிறார். தில்லி 'க' வட்டாரம். இந்தியில் வரும் கடிதத்துக்கு அலுவலகம் இந்தியில்தான் பதில் அனுப்ப வேண்டும். ஆனால் கோப்பில் குறிப்பை ஊழியர் இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். அதை மற்ற மொழியில் அவரே பெயர்த்துத் தர வேண்டியதில்லை என்று அதே விதிகள் சொல்கின்றன. விண்ணப்பமும் மேல்முறையீடும் அப்படியே, இரண்டில் எதிலும் தரலாம். இது தெரியாமல், அரைகுறை இந்தியில் எழுதித் தவிக்க வேண்டாம். ஊழியர்களுக்கான பிரபோத், பிரவீண், பிராக்யா வகுப்புகள் கிடைத்தால் படியுங்கள். பேச்சுக்கு உதவும்.

பேச்சு என்றதும் 'தும்' நினைவுக்கு வருகிறது. நம்மில் பலர் இந்தியை ஆட்டோக்காரரிடமும் தெருவிலும் கற்கிறோம். அங்கே காதில் விழுவது 'தும்', 'தூ'. அதை அப்படியே கணக்குப் பிரிவு அதிகாரியிடம் சொன்னால் முகம் மாறும். ஆண்பால் பெண்பால் பிழைகளை இவர்கள் சிரித்து மன்னிக்கிறார்கள். 'தும்' சொன்னால் மன்னிப்பதில்லை. எல்லோருக்கும் 'ஆப்', பெயரோடு 'ஜி'. பியூனுக்கும் அப்படியே.

பெயர் விஷயமும் ஒன்று. இங்குள்ள படிவங்கள் குடும்பப் பெயர் கேட்கும். நம் இனிஷியலை விரித்துத் தந்தையார் பெயரைப் போடுகிறோம். அப்புறம் அலுவலகம் முழுவதும் அப்பாவின் பெயரைச் சொல்லி அழைக்க, பிள்ளை திரும்பிப் பார்ப்பதே இல்லை! முதல் நாளிலேயே 'என்னை இந்தப் பெயரால் அழையுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். பான் அட்டை, வங்கி, சம்பளப் பதிவு மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

வீட்டுப் பயிற்சி ஒன்று. இங்கே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தி நன்றாக வரும். அவர்களை வேகமாகச் சொல்லச் சொல்லி, பெரியவர்கள் எண்ணால் எழுதுங்கள்: பௌனே பாஞ்ச் பஜே, ஸவா தோ ஸௌ, டேட் லாக், உன்ஸட், பௌனே தோ ஸௌ, ஸாடே சார் ஹஸார், உன்ஹத்தர்.

விடை: 4.45 மணி, 225, 1,50,000, 59, 175, 4,500, 69.