உழைப்பும் பட்டமும்: இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் பட்டத் தொழிற்பழகுநர் கல்வி

முன்னுரை

பல்கலைக்கழகம் அறிவின் இருப்பிடம். ஆயினும் அங்குப் பணிபுரிவோர் அனைவரும் பட்டம் பெற்றவர் அல்லர். ஆய்வகத்தில் கருவிகளை ஆயத்தம் செய்வோர், நூலகத்தில் நூல்களை அடுக்குவோர், அலுவலகத்தில் சேர்க்கைக் கோப்புகளைப் பேணுவோர், கணினிப் பிரிவில் பழுது நீக்குவோர் எனப் பலர், பிறர் பட்டம் பெறுவதற்குத் துணை நிற்கின்றனர். தாம் பட்டம் பெறும் வாய்ப்பின்றியே ஓய்வும் பெறுகின்றனர். குடும்பச் சுமையால் இளமையிலேயே வேலைக்கு வந்துவிட்ட இத்தகையோர், ஊதியத்தை இழக்காமலும் கடன்படாமலும் பட்டம் பெற வழியுண்டா? இவ்வினாவுக்கு இங்கிலாந்து கண்டுள்ள விடைகளுள் ஒன்று பட்டத் தொழிற்பழகுநர் திட்டமாகும். அதன் இயல்பையும் பயனையும் இடர்ப்பாட்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழமையின் தொடர்ச்சி

தொழிலைக் குருவிடம் பழகிக் கற்பது மேலை நாட்டில் நெடுங்காலமாக நிலவிவந்த முறை. 1563-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டமொன்று, ஏழாண்டுக் காலம் பழகுநராக இருந்தபின்னரே ஒருவர் தொழில் நடத்தலாம் என விதித்தது. அவ்விதி 1814-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் தொடக்கத்தில் ஒரு தொழிலோர் கூட்டமைப்பையே சுட்டிற்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது. எனவே பட்டமும் பட்டறையும் முற்காலத்தில் அயலானவை அல்ல.

இஸ்லாமிய அறிவுலகிலும் இவ்வுறவைக் காணலாம். இமாம் அபூ ஹனீஃபா அவர்கள் பட்டுத்துணி வணிகர். அல்-கஃப்பால் என்னும் சட்ட அறிஞரின் பெயருக்குப் பூட்டுச் செய்பவர் என்பது பொருள். அவர் ஏறத்தாழ முப்பது வயதில்தான் மார்க்கக் கல்வியில் புகுந்தார் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். கல்வி தொடங்குதற்கு வயது தடையன்று, கைத்தொழில் இழுக்கன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

திட்டத்தின் அமைப்பு

பட்டத் தொழிற்பழகுநர் முறை இங்கிலாந்தில் 2015-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இதில் மூவர் உளர்: வேலை தருபவர், கற்பிக்கும் பல்கலைக்கழகம், பழகுநர். பழகுநர் முறையான ஊழியர். மாத ஊதியம் பெறுபவர். அவர் கல்விக் கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. அந்நாட்டில் இளநிலைப் பட்டத்திற்கான ஆண்டுக் கட்டண உச்சவரம்பு 2012-இல் 9,000 பவுனாகவும் 2025-இல் 9,535 பவுனாகவும் உயர்ந்துள்ளமையை எண்ணினால் இச்சலுகையின் அருமை விளங்கும்.

செலவை ஏற்பவர் யார்? ஆண்டுக்கு 30 இலட்சம் பவுனுக்கு மேல் ஊதியம் வழங்கும் நிறுவனங்கள் மீது, அவ்வூதியத் தொகையில் 0.5 விழுக்காட்டை 2017 ஏப்ரல் முதல் அரசு தீர்வையாக விதித்தது. அதில் 15,000 பவுன் கழிவும் அளித்தது. ஆண்டுக்கு 20 கோடி பவுன் ஊதியம் வழங்கும் பல்கலைக்கழகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் தீர்வை 10 இலட்சம் பவுன். கழிவு போக 9,85,000 பவுன். இத்தொகையைப் பழகுநர் கல்விக்கே பயன்படுத்தலாம். குறித்த காலத்திற்குள் பயன்படுத்தாவிடில் அது கைவிட்டுப் போகும். பிறர்க்குக் கல்வி விற்ற பல்கலைக்கழகங்கள் தம் ஊழியர்களின் கல்வியை நோக்கித் திரும்பியமைக்கு இத்தீர்வை ஒரு முதன்மைக் காரணமாயிற்று எனலாம்.

திட்டத்தின் உயிர்நாடி நேரம். கற்றல் ஊதியம் பெறும் பணி நேரத்திற்குள்ளேயே நிகழ வேண்டும் என்பது விதி. முதலில் பணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இதற்கென ஒதுக்கப்பட்டது. 2022-இல் முழுநேரப் பணியாளர்க்கு வாரத்திற்குச் சராசரி 6 மணி நேரம் என்னும் குறைந்த அளவு வகுக்கப்பட்டது. 2025 ஆகஸ்டு முதல் தொடங்குவோர்க்குப் பயிற்சி ஒவ்வொன்றிற்கும் தனித்தனி மணிக்கணக்கு உண்டு. இறுதியில் பட்டத் தேர்வோடு தொழில் திறனும் மதிப்பிடப்படுகிறது.

பணியிடமே பயிலிடமாதல்

ஆய்வக அறிவியலாளர், கணினித் தொழில்நுட்ப வல்லுநர், மேலாளர் முதலிய பணிகளுக்கு இளநிலைப் பட்ட அளவில் இப்பயிற்சி உண்டு. புதிய விரிவுரையாளர்களுக்கென முதுநிலை அளவிலும் ஒரு பயிற்சி வகுக்கப்பட்டது.

பல்கலைக்கழக ஊழியர் ஒருவர் இவ்வழியிற் பயிலும்போது சில நன்மைகள் தாமே வந்தெய்துகின்றன. நூலகம் அருகில் உள்ளது. ஐயம் தீர்க்கும் ஆசிரியர் அடுத்த கட்டடத்தில் இருக்கிறார். காலையில் கற்ற புள்ளியியலைப் பிற்பகலில் சேர்க்கைக் கணக்கில் பொருத்திப் பார்க்கலாம். அன்றாட வேலையே பாடத்திற்குச் சான்றாகிறது.

இடர்ப்பாடுகளும் சிலவல்ல. நேற்றுவரை உடன் பணியாற்றியவர் இன்று ஆசிரியராகி விடைத்தாளில் பிழை காட்டுகிறார். இதனால் நாணமும் எழலாம். நடுநிலை பற்றிய ஐயமும் எழலாம். ஆதலின் இறுதி மதிப்பீட்டைப் பயிற்சியில் தொடர்பில்லாத ஒருவரே செய்தல் வேண்டும் என்பது விதியாக்கப்பட்டுள்ளது.

இதனினும் பெரிய இடர், படிப்பு நேரம் சிறிது சிறிதாகக் கரைவதாகும். கல்வியாண்டின் தொடக்கத்தில் அலுவலகம் நெருக்கடிக்கு உள்ளாகும்போது, "இந்த வாரம் மட்டும்" என மேலாளர் கேட்பார். மறுக்க இயலாத பழகுநர் படிப்பை இரவுக்குத் தள்ளுவார். பிள்ளைகளைப் பேணும் தாய்க்கு இரவும் தனதன்று. தொடங்குவோர் அனைவரும் நிறைவு செய்யாமைக்கு அறிவுக் குறைவைவிட நேரக் குறைவே பெரிய காரணமாகலாம். விதி ஏட்டில் இருந்தால் போதாது. மேலாளரின் மனத்திலும் இருத்தல் வேண்டும்.

யாருக்காக?

இத்திட்டம் பற்றிய கடுமையான வினா இதுவே. ஏற்கெனவே உயர்ந்த பதவியில் உள்ளோர்க்குத் தீர்வைப் பணத்தில் மேலாண்மை முதுநிலைப் பட்டம் வழங்கப்பட்டமை கண்டனத்திற்கு உள்ளாகி, 2021-இல் அப்பட்டம் விலக்கப்பட்டது. 2026 சனவரி முதல் முதுநிலை அளவிலான பயிற்சிக்குரிய பொதுநிதி, சில விலக்குகள் தவிர, 21 வயது வரையிலான புதியவர்களுக்கே என வரையறுக்கப்பட்டது. இளையோர்க்கு முன்னுரிமை தருதல் நன்றே. ஆயின் நடுவயதில் கற்க விழைவோரின் ஒரு வாயில் இதனால் அடைபட்டது என்பதும் மறுக்கவொண்ணாதது. இளநிலை வாயில் வயது வரம்பின்றித் திறந்திருத்தல் ஆறுதலாகும்.

நமக்குரிய பாடம்

நம் நாட்டில் தொழிற்பழகுநர் சட்டம் 1961-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. பட்டப்படிப்பினுள் தொழிற்பயிற்சியை இணைப்பதற்கான நெறிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2020-இல் வெளியிட்டது. இவை மாணவரை வேலைக்கு அனுப்பும் வழிகள். வேலையில் இருப்பவரைக் கல்விக்கு அழைக்கும் வழியே நாம் இன்னும் சிந்திக்க வேண்டியது.

இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருத்தல் வேண்டா. கல்லூரி ஒவ்வொன்றும் தன் அலுவலர், ஆய்வக உதவியாளர், நூலக உதவியாளர் ஆகியோருள் பட்டம் பெறாதார் எத்தனைபேர் எனக் கணக்கெடுக்கலாம். விழைவோர்க்கு வாரத்தில் சில மணி நேரத்தை ஊதியத்துடன் ஒதுக்கலாம். தொலைநிலைக் கல்விக் கட்டணத்தை ஏற்க, மாணவர்க்கு உதவித்தொகை நல்கும் பெரியோர் முன்வரலாம்.

முடிவுரை

ஓதுதலை முதற்கட்டளையாகப் பெற்ற சமுதாயம் நம்முடையது. அக்கட்டளை வகுப்பறைக்குள் அமர்ந்திருப்போர்க்கு மட்டும் உரியதன்று. அவ்வகுப்பறையைத் திறந்துவிடுபவர்க்கும் உரியது. பணம் இன்மையைவிட நேரம் இன்மையே உழைப்பாளியின் கல்விக்குப் பெருந்தடை என்பதை இங்கிலாந்தின் பட்டறிவு உணர்த்துகிறது. ஆகவே ஓர் ஊழியருக்கு நிறுவனம் அளிக்கத்தக்க நல்ல கொடை, யாராலும் பறிக்கப்படாத சில மணி நேரமே எனத் துணியலாம்.