மிச்ச நூலும் கழுத்துப் பின்னலும்

பட்டினச்சேரியின் மார்கழி விடியற்காற்றுக்குக் கழுத்தைச் சுற்றும் வளையப் பின்னல் ஒன்று போதும். அதற்குப் புதுநூல் வாங்குவானேன்? அங்கத்தினர் வீட்டுப் பெட்டியில் சிக்குண்டு கிடக்கும் மிச்ச நூலும் முதலன்றோ!

முதலில் அதை நிழலில் உலர்த்தி, நம்பர் வாரியாகவும் சாய வாரியாகவும் பிரித்துச் சீட்டுக் கட்டுக. ஒரு பவுண்டில், அதாவது 454 கிராமில், 840 கெஜச் சிட்டங்கள் எத்தனையோ அதுவே பருத்தி நூலின் நம்பர். ஆகவே 40 நம்பர் ஈரிழை, 20 நம்பர் ஓரிழைக்கு ஒப்பாகும். மெல்லிய தறிநூலைப் பல இழையாகச் சேர்த்தே பின்னவேண்டுமாதலால், இக்கணக்கை மறந்தால் பின்னல் ஓரிடம் தடித்து ஓரிடம் மெலியும்.

கால் பங்கு பின்னியதும் மீதி நூலை நிறுத்துப் பார்க்க. முக்கால் பங்கு இல்லையேல் உயரத்தைக் குறைக்க. பாதியில் நின்ற பின்னல் எவருக்கும் பயன்படாது. கணக்கில் வராத நூலும் அத்தகையதே.